13 வாரத்தில் நின்ற பியானோ நிகழ்ச்சி: ஹேசல் ஸ்காட் ஷோ, நியூயார்க், 1950

நியூயார்க்கிலிருந்து நேரலையாக வந்த கால்மணி நேரப் பியானோ நிகழ்ச்சி ஒன்று 1950 ஜூலை 3 அன்று டூமான்ட் தொலைக்காட்சி வலையமைப்பில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று நின்றது. வாசிப்பு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. நடத்தியவர் ஹேசல் ஸ்காட் என்ற கறுப்பினப் பியானோ கலைஞர். அவர் பெயர் கம்யூனிஸ்ட் தொடர்பைச் சந்தேகிக்க வைக்கும் ஒரு பட்டியலில் அச்சானது, அவர் அதற்கு வெளிப்படையாகப் பதில் சொன்னார், ஒரு வாரத்தில் நிகழ்ச்சி போய்விட்டது. இன்று அதன் ஒளிப்பதிவு ஒன்றுகூடக் கிடைப்பதாகத் தெரியவில்லை. ஒளிபரப்பிலிருந்து எடுத்தது ஓர் அழிவு. பதிவே மிஞ்சாமல் போனது இன்னோர் அழிவு. இரண்டையும் சேர்த்தே இங்கே பார்க்கிறோம். நடத்தியவர் பொதுவாழ்வில் இருந்தவர் என்பதால் அவர் பெயர் வருகிறது. விளம்பரதாரர்கள், முகவர்கள், நிலைய அலுவலர்கள் பெயரின்றியே இருக்கிறார்கள்.

பின்னணி

ஹேசல் ஸ்காட் 1920இல் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயோடு நியூயார்க் வந்தார். எட்டு வயதில் ஜூலியார்ட் இசைப்பள்ளிப் பேராசிரியர் ஒருவர் அவர் வாசிப்பைக் கேட்டுத் தாமே பாடம் சொல்லித்தர முன்வந்தார். வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கேட்கலாம் என்ற கொள்கையோடு 1938இல் திறக்கப்பட்ட கஃபே சொசைட்டி விடுதியில்தான் அவர் பெயர் பெற்றார். பாக் போன்ற மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர்களின் இசையை எழுதியபடி தொடங்கி, பாதி வழியில் இடது கையை பூகி-வூகி என்ற துள்ளலான பியானோ நடைக்கு மாற்றிவிடுவது அவர் பாணி. 1943இல் ஒரு திரைப்படத்தில் இரண்டு பியானோக்களின் நடுவே உட்கார்ந்து, கைக்கு ஒன்றாக இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்தார்.

ஒப்பந்த விஷயத்தில் அவர் கறாரானவர். வேலைக்காரி வேடம் ஏற்பதில்லை. இனம் பிரித்து உட்கார வைக்கும் அரங்கில் வாசிப்பதில்லை. 1948இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் இருக்கைகள் பிரிக்கப்பட்டிருப்பதைக் கண்டதும் கச்சேரி செய்யாமலே கிளம்பினார். அதற்கு முன், அந்த 1943 படத்திலேயே, கறுப்பினப் பெண் நடிகர்களுக்கு அழுக்கு ஏப்ரன் கட்டிவிட்டதை எதிர்த்து மூன்று நாள் படப்பிடிப்புக்கு வர மறுத்தார். அதன்பின் அவருடைய திரைவாழ்வு நீடிக்கவில்லை. 1945இல் நியூயார்க்கின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவலை மணந்தார்.

இந்த நிகழ்ச்சியைப் பலர் 'கறுப்பினத்தார் நடத்திய முதல் வலையமைப்பு நிகழ்ச்சி' என்று எழுதுகிறார்கள். அந்தப் பட்டத்தை நாம் தரவில்லை. பாப் ஹவர்ட் என்ற கறுப்பினப் பியானோ கலைஞருக்கு 1948இலேயே சிபிஎஸ் வலையமைப்பில் கால்மணி நேரம் இருந்தது. ஸ்காட்டின் இடம் பெரியதுதான்; அதற்கு 'முதல்' என்ற சொல் தேவையில்லை.

நிகழ்ச்சியின் அமைப்பு

திங்கள், புதன், வெள்ளி, இரவு 7.45க்கு 15 நிமிடம். ஸ்காட் வாசிப்பார், பாடுவார். சில நாட்களில் ஜாஸ் கலைஞர்களான பேஸ் வாத்தியத்தில் சார்ல்ஸ் மிங்கஸும் டிரம்ஸில் மாக்ஸ் ரோச்சும் சேர்ந்துகொள்வார்கள். மாடி வீட்டு வரவேற்பறை, அதற்குப் பின்னால் நகரத்துக் கட்டடங்கள் என்று காட்சி அமைக்கப்பட்டிருந்தது.

டூமான்ட்டின் நிலையைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். அது தொலைக்காட்சிப் பெட்டி தயாரிக்கும் நிறுவனம் நடத்திய வலையமைப்பு. என்பிசி, சிபிஎஸ் போல அதற்கு வானொலி வருமானம் கிடையாது. 1948 செப்டம்பரிலிருந்து 1952 ஏப்ரல் வரை புதிய நிலையங்களுக்கு உரிமம் தருவதை அமெரிக்க அரசு நிறுத்தி வைத்திருந்தது. பல நகரங்களில் ஒரே ஒரு நிலையம்தான். அதன் நேரத்துக்கு நான்கு வலையமைப்புகள் போட்டி போட்டன. 1950இல் அமெரிக்க வீடுகளில் 100க்கு 9 வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. இப்படி ஒரு சந்தையில், பணம் குறைவாக உள்ள வலையமைப்புக்கு ஒரு பியானோ, ஒரு கலைஞர், ஒரே காட்சியமைப்பு என்பது கைக்கு அடக்கமான செலவு. பெரிய வலையமைப்புகள் துணியாததை டூமான்ட் துணிந்து செய்ததற்கு இது ஒரு காரணம். விளம்பரதாரர் முகம் சுளித்தால் தாங்க முடியாத நிலையில் அது இருந்ததற்கும் இதுவே காரணம்.

கூடத்தில் கவனிக்க வேண்டியவை

அந்தக் காலத்து நேரலையில் பியானோ ஏன் வசதியான வாத்தியம், ஏன் தொல்லை பிடித்த வாத்தியம் என்பது இன்று பலருக்கும் தெரியாது. கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

முதலில் சூடு. அன்றைய கேமராக்களுக்கு ஏராளமான வெளிச்சம் வேண்டும். விளக்குகளின் சூட்டில் கம்பி நீண்டு இழுவிசை குறையும்; சுருதி இறங்கும். விளக்கு அணைந்திருக்கும்போது சுருதி சேர்த்த பியானோ, ஒளிபரப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பேஸ் வாத்தியத்தோடு ஒட்டாமல் நிற்கும். எனவே விளக்குகளை முழுதாகப் போட்டு, மூடியையும் நிகழ்ச்சியில் இருக்கும் உயரத்துக்கே திறந்துவைத்து, பியானோ அந்தச் சூட்டில் ஊறிய பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும். பிறகு ஒளிபரப்பு முடியும் வரை விளக்கை அணைக்கக் கூடாது. ஒத்திகைக்கும் ஒளிபரப்புக்கும் இடையில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைத்தால் செய்த வேலை வீண்.

அடுத்தது பளபளப்பு. அன்று பரவலாக இருந்த இமேஜ் ஆர்த்திகான் கேமராவில், மிகப் பிரகாசமான புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். கறுத்துப் பளபளக்கும் மூடி, வெள்ளைக் கட்டைகள், நகை, ஜரிகை உடை எல்லாமே அதை வரவழைக்கும். மூடியின் பளபளப்பை மங்கச் செய்வார்கள். விளக்கின் கோணத்தை மாற்றி, பிரதிபலிப்பு கேமராவுக்குள் விழாமல் பார்த்துக்கொள்வார்கள்.

கேமரா நிற்கும் இடம் தனிக் கணக்கு. மூடி வலப்பக்கம் திறப்பதால் வாசிப்பவரின் வலப்பக்கத் தோற்றமே பார்வையாளருக்குக் கிடைக்கும். அங்கிருந்து விரல்கள் சரியாகத் தெரியாது. விரல்களைக் காட்ட இன்னொரு கேமரா இடது தோளுக்குப் பின்னால் வர வேண்டும். அது வந்தால் முதல் கேமராவின் சட்டகத்துக்குள் தலைகாட்டும். ஆகவே எந்த இடத்தில் ஒரு கேமராவிலிருந்து மற்றதற்கு மாறுவது என்பதை இசையின் அளவுகளை (தாளச் சுற்றுகளை) எண்ணியே முடிவு செய்வார்கள். ஸ்காட் போல நடையைத் திடீரென மாற்றும் கலைஞருக்கு, மாற்றம் வரும் அளவில் இடது கையைக் காட்டாவிட்டால் பார்ப்பவருக்கு விஷயமே பிடிபடாது.

கடைசியாக ஒலிவாங்கி. பாடிக்கொண்டே வாசிப்பவருக்குக் குரலுக்கு ஒன்று, கம்பிகளுக்கு ஒன்று என வைத்தாலும் குரல் ஒலிவாங்கியில் பியானோ நிறையவே கசியும். குரலை உயர்த்தினால் பியானோவும் கூடவே ஏறும். குரலுக்கானதை உதட்டுக்கு அருகே இறக்கினால் அதன் நிழல் கட்டைகளின் மேல் விழும். நேரலையில் திருத்த வழியில்லை. முதல் பாட்டிலேயே சமநிலை கிடைக்காவிட்டால் 15 நிமிடமும் அப்படியேதான் போகும்.

ஜூன் 22 முதல் ஆகஸ்ட் வரை: கவனிக்கப்பட்டவை

நிகழ்ச்சி தொடங்குவதற்கு 11 நாள் முன், 1950 ஜூன் 22 அன்று, 'ரெட் சேனல்ஸ்' என்ற கையேடு வெளிவந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வேலை செய்யும் 151 பேரின் பெயரும், ஒவ்வொருவரும் எந்தெந்த அமைப்போடு, எந்தெந்தக் கூட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்டார் என்ற குறிப்பும் அதில் இருந்தன. லியோனார்ட் பெர்ன்ஸ்டீன், ஆரன் கோப்லண்ட், லீனா ஹார்ன், லாங்ஸ்டன் ஹியூஸ் ஆகியோரோடு ஹேசல் ஸ்காட்டும் இருந்தார். மூன்றாம் நாள், ஜூன் 25 அன்று, கொரியப் போர் மூண்டது.

அந்தக் கையேடு நேரடியாக யாரையும் 'கம்யூனிஸ்ட்' என்று சொல்லவில்லை. அதுதான் அதன் சூட்சுமம். குற்றச்சாட்டு இல்லாததால் மறுக்கவும் எதுவும் இல்லை. வழக்குப் போடவும் பிடி கிடைக்காது. விளம்பர முகவர் கையேட்டை மேசை இழுப்பறையில் வைத்திருப்பார். பெயர் இருந்தால் 'இந்த ஆள் வேண்டாம்' என்று ஒரு வாய்ச்சொல்லோடு முடித்துவிடுவார். காகிதத்தில் எதுவும் இருக்காது.

இது எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பது ஆகஸ்ட் இறுதியில் தெரிந்தது. அதே பட்டியலில் இருந்த ஜீன் மியூர் என்ற நடிகை என்பிசியின் ஒரு குடும்ப நாடகத்தில் ஆகஸ்ட் 27 அன்று அறிமுகமாக இருந்தார். சில தொலைபேசிப் புகார்கள் வந்தன, அவ்வளவுதான். விளம்பரதாரர் அவரை விலக்கினார், ஒப்பந்தப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்தார். தவறு செய்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. 'சர்ச்சைக்குரியவர்' என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. அந்த வாரத்தில் ஸ்காட்டின் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

எடுத்த முடிவும் காரணமும்

ஸ்காட்டின் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பேசாமல் இருந்து, நிகழ்ச்சி ஓடும் வரை ஓட்டுவது. விளம்பர உலகத்துக்குள் ஆள் பிடித்து, தனிப்பட்ட முறையில் பெயரைத் துடைத்துக்கொள்வது. அல்லது வெளிப்படையாகப் பதில் சொல்வது. அவர் மூன்றாவதை எடுத்தார். பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோதச் செயல்கள் விசாரணைக் குழு அவருக்கு அழைப்பாணை அனுப்பவில்லை. தானாகவே கேட்டு, எழுதி எடுத்துச்சென்ற அறிக்கையோடு 1950 செப்டம்பர் 22 அன்று அதன் முன் ஆஜரானார்.

அவருடைய முந்தைய முடிவுகளைப் பார்த்தால் இது புதிது அல்ல. ஆஸ்டினிலும் சரி, படப்பிடிப்புக் கூடத்திலும் சரி, உள்ளே பேசித் தீர்க்கலாம் என்று வந்தவர்களிடம் அவர் பிடிகொடுத்ததில்லை. வெளியே சொன்னால்தான் அடுத்தவருக்கும் அது பயன்படும் என்பது அவர் வழி. பட்டியலில் தன்னோடு சேர்ந்து பெயர் வந்த 150 பேரில் பலருக்கும் பேச இடமில்லை. அவருக்கு இருந்தது.

அறிக்கையில் அவர் கம்யூனிஸ்ட் கட்சியோடு தனக்குத் தொடர்பில்லை என்றார். தன் பெயருக்கு எதிரே இருந்த குறிப்புகளை ஒன்றொன்றாக எடுத்துப் பதில் சொன்னார். 1943இல் நியூயார்க் நகரமன்றத் தேர்தலில் பெஞ்சமின் டேவிஸ் என்ற கம்யூனிஸ்ட் வேட்பாளரை ஆதரித்ததை மறைக்கவில்லை. பொய்க் குற்றச்சாட்டுகளால் கலைஞர்களின் வாழ்வு அழிவதைச் சொல்லி, பொறுப்பற்ற குற்றச்சாட்டுகளைச் சனநாயக முறையில் களைய வழி காணுங்கள் என்று குழுவையே கேட்டுக்கொண்டார்.

நம் மதிப்பீட்டில் அது துணிவும் கண்ணியமும் உள்ள அறிக்கை. ஆனால் விளைவு வேறு இடத்தில் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. குழுவின் நம்பிக்கையைப் பெறுவதற்கும் விளம்பரதாரரின் பயத்தைப் போக்குவதற்கும் சம்பந்தமே இல்லை. குழு அவரைக் கண்டிக்காமல் விட்டாலும், 'விசாரணைக் குழுவின் முன் ஹேசல் ஸ்காட்' என்ற செய்தித் தலைப்பு ஒன்றே விளம்பரதாரருக்குப் போதும். பட்டியலை ஒன்றொன்றாக மறுத்ததால், பட்டியல் பதில் சொல்லத்தக்கது என்ற மதிப்பும் அதற்குக் கிடைத்துவிட்டது.

தொடர்ந்து நடந்தவை

செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

இந்தத் தேதியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஜூலை 3 திங்களில் தொடங்கி எண்ணினால், செப்டம்பர் 29 சரியாக 13ஆம் வாரத்தின் கடைசி ஒளிபரப்பு நாள். அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரம் விற்பதும் ஆளை ஒப்பந்தம் செய்வதும் 13 வாரம் 13 வாரமாகவே நடந்தன. ஆண்டுக்கு நான்கு சுற்று. சுற்று முடியும் நாளில் யாரையும் நீக்க வேண்டியதில்லை. அடுத்த சுற்றுக்குப் புதுப்பிக்காமல் விட்டால் போதும்: நஷ்டஈடு இல்லை, காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஸ்காட் குழுவின் முன் போனது 12ஆம் வாரத்தின் வெள்ளிக்கிழமை. காலத்தை வைத்துப் பார்த்தால், நிறுத்துவதற்கு இதைவிடச் செலவு குறைந்த வாரம் வலையமைப்புக்குக் கிடைத்திருக்காது.

அமெரிக்காவில் கச்சேரி வாய்ப்புகளும் குறைந்தன. 1951இல் அவர் உடலும் மனமும் நலிந்து சில காலம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. 1957இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்து, பத்தாண்டு கழித்து 1967இல் திரும்பினார். 1981இல் நியூயார்க்கில் காலமானார்.

பதிவுகள் என்னவாயின

ஒளிநாடா அப்போது கிடையாது. அது ஒளிபரப்பில் பயன்பாட்டுக்கு வந்தது 1956இல். 1950இல் நேரலையைப் பதிவு செய்ய ஒரே வழி கினெஸ்கோப்: ஒரு படக்குழாயின் முன் 16 மி.மீ. ஃபிலிம் கேமராவை நிறுத்தித் திரையையே படம் பிடிப்பது. அதற்கென்று ஈஸ்ட்மன் கோடக் 1947இல் கொண்டுவந்த கேமராவை உருவாக்குவதில் டூமான்ட்டும் என்பிசியும் பங்கு பெற்றிருந்தன. பதிவுத் தொழில்நுட்பத்தின் தொட்டிலில் இருந்த நிறுவனத்தின் பதிவுகளே காணாமல் போயின என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

கணக்கு இப்படி. தொலைக்காட்சி நொடிக்கு 30 சட்டகம், ஃபிலிம் நொடிக்கு 24. ஃபிலிமின் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் 24இல் ஒரு பங்கு, அதாவது 120இல் 5 பங்கு. அதில் 4 பங்கு ஒரு முழுத் தொலைக்காட்சிச் சட்டகத்தைப் பதிய வேண்டும். மிச்சமுள்ள 1 பங்கு நேரத்துக்குள் கேமரா ஃபிலிமை அடுத்த சட்டகத்துக்கு இழுத்துவிட வேண்டும். ஷட்டர், அதாவது ஒளியைத் திறந்து மூடும் சுழல்தட்டில், மூடிய பகுதி 72 பாகை. இது இம்மி பிசகினாலும், பாதிச் சட்டகமும் அடுத்த பாதியும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு பட்டை விழும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் வெளிச்சப் பட்டை, இடைவெளி விட்டால் கறுப்புப் பட்டை.

ஒலியில்தான் பியானோவுக்குக் கூடுதல் சோதனை. 16 மி.மீ. ஃபிலிம் நொடிக்கு 7.2 அங்குலம்தான் ஓடும், 35 மி.மீ. 18 அங்குலம் ஓடும். அந்த மெதுவான ஓட்டத்தில், ஃபிலிமின் ஓரத்தில் ஒளியால் பதியும் ஒலித்தடம் உச்ச ஸ்தாயியின் கூர்மையைத் தாங்காது. பியானோவின் மேல் கட்டைகள் மரத்தைத் தட்டுவது போல ஒலிக்கும். ஓட்டத்தின் வேகம் சற்றே ஆடினால் சுருதியும் ஆடும். குரலிலோ வயலினிலோ ஒரு கமகத்துக்குள் அந்த ஆட்டம் ஒளிந்துகொள்ளும். பியானோவில் ஒரு கட்டையை அழுத்திவிட்டால் சுரம் அசையாமல் நிற்க வேண்டும். அது அலைந்தால் எந்தக் காதுக்கும் உடனே தெரியும். பழைய கினெஸ்கோப்பை இன்று எண்மயமாக்குபவர்கள் வேக ஆட்டத்தைச் சரிபார்க்க நீண்டு ஒலிக்கும் பியானோ சுரத்தைத் தேடிப் பிடிப்பது இதனால்தான்.

இப்படிப் பதிவான சுருள்களை, கம்பிவட இணைப்பு எட்டாத ஊர்களின் நிலையங்களுக்கு அனுப்புவார்கள். கிழக்குக் கரையை மேற்குக் கரையோடு நேரடியாக இணைக்கும் வழி 1951 செப்டம்பரில்தான் திறந்தது. ஒளிபரப்பு முடிந்ததும் சுருளுக்கு மதிப்பில்லை. சேமிக்க வாடகை, அழித்தால் அதிலுள்ள வெள்ளி கிடைக்கும். டூமான்ட் வலையமைப்பு 1956இல் மூடப்பட்டது. மிஞ்சியிருந்த சுருள்கள் 1970களில் லாரிகளில் ஏற்றி நியூயார்க் துறைமுக நீரில் கொட்டப்பட்டதாக நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விசாரணையில் சாட்சி சொன்னார். டூமான்ட் ஒளிபரப்பிய 20,000க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளில் சுமார் 350 மட்டுமே மிஞ்சியதாக ஒரு மதிப்பீடு உண்டு.

என்ன மாற்றியிருக்கலாம்

ஒப்பந்தம். இருக்கை பிரிப்பைத் தடுக்கும் விதியை எழுதி வாங்கிய கலைஞர், 'வெளியார் குற்றச்சாட்டு காரணமாகப் புதுப்பிக்காமல் விட்டால் அடுத்த சுற்றின் சம்பளத்தைத் தர வேண்டும்' என்ற விதியையும் எழுதி வாங்கியிருக்கலாம். அது நிகழ்ச்சியைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் காரணத்தைக் காகிதத்தில் எழுத வைத்திருக்கும். காகிதம் இருந்தால் நீதிமன்றம் போகலாம்.

மேடை. கறுப்புப் பட்டியலுக்கு முதல் பெரிய அடி விசாரணைக் குழுவின் முன் விழவில்லை, நீதிமன்றத்தில்தான் விழுந்தது. வானொலிக் கலைஞர் ஜான் ஹென்றி ஃபாக் தொடுத்த அவதூறு வழக்கில் 1962இல் நடுவர்கள் 35 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 5.5 லட்சமாகக் குறைந்தது. ஆனால் 1950 செப்டம்பரில் அந்த வழி யார் கண்ணிலும் படவில்லை. ஸ்காட்டின் மேல் இதைக் குறையாகச் சொல்வது நியாயமல்ல.

பிரதி. இதுதான் அன்றே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 16 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 36 அடி. 15 நிமிடத்துக்கு 540 அடி. நாள்காட்டிப்படி 13 வாரத்தில் 39 ஒளிபரப்பு. 1,200 அடி டப்பா ஒன்றில் இரண்டு நிகழ்ச்சி அடங்கும். மொத்தம் 20 டப்பா. குளிர்ச்சியும் வறட்சியும் உள்ள ஓர் அலமாரி போதும். ஈரமும் சூடும் பட்டால்தான் அசிடேட் ஃபிலிம் புளித்த வாடை அடித்துச் சுருங்கும். நிகழ்ச்சிக்கு ஒரு பிரதி கலைஞரிடம் சேர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், வலையமைப்பின் கிடங்கை நம்பியிருக்க வேண்டியதில்லை. 1953இலிருந்து லிபராச்சியின் பியானோ நிகழ்ச்சி ஃபிலிமிலேயே எடுக்கப்பட்டு, ஊர் ஊராக நிலையங்களுக்கு விற்கப்பட்டது. பிரதிகள் பல கைகளில் இருந்ததால் அதை இன்றும் பார்க்க முடிகிறது.

ஸ்காட், மிங்கஸ், ரோச் மூவரும் சேர்ந்து வாசித்ததைக் கேட்க இன்று ஒரு வழி இருக்கிறது. 1955 ஜனவரியில் மூவரும் ஓர் இசைத்தட்டுக்காகப் பதிவுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். வெளியிட்டது டெபு நிறுவனம். மிங்கஸும் ரோச்சும் 1952இல் தாங்களே தொடங்கி, தங்கள் கையிலேயே வைத்திருந்த நிறுவனம் அது.